மாத்திரை நின்றுபோன மாதங்கள்: வாதநோயாளிகளின் கொரோனாக் காலம்

கொரோனா வந்த புதிதில், 2020 மார்ச் கடைசியில், மருந்துக் கடைகளில் ஒரு மாத்திரைக்குத் திடீர்த் தட்டுப்பாடு வந்தது. பெயர் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். வாயில் நுழையாத அந்தப் பெயரை அதற்கு முன் யாரும் தேடி வந்து கேட்டதில்லை. முடக்குவாதக்காரர்களும், உடம்பின் தற்காப்பே உடம்பைத் தாக்கும் லூப்பஸ் என்ற நோய் உள்ளவர்களும் மாதாமாதம் சீட்டை நீட்டி வாங்கிப் போவார்கள், அவ்வளவுதான். மார்ச் 19 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் அதைப் புகழ்ந்து பேசினார். 22-ம் தேதி ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், கொரோனா நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவப் பணியாளர்களும் நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்களும் தடுப்பு மருந்தாக இதை எடுத்துக்கொள்ளலாம் என்றது. முதல் நாள் 400 மில்லிகிராம் இரண்டு வேளை, பிறகு வாரம் ஒரு 400 என்று அளவும் கொடுத்திருந்தார்கள். யாருக்குச் சொன்னார்கள் என்பது உதிர்ந்துபோய், அளவு மட்டும் வாட்ஸ்அப்பில் சுற்றியது.

பதுக்கலைத் தடுக்க 26-ம் தேதி மத்திய அரசு இந்த மருந்தை ஹெச்1 அட்டவணைக்குள் கொண்டுவந்தது. அந்த அட்டவணை மருந்தை விற்றால் எழுதிக்கொடுத்த டாக்டர் யார், வாங்கியவர் யார், எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் ஆறு மாதப் பழைய சீட்டை வைத்துக்கொண்டு தெரிந்த கடையில் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அதுவே முட்டுக்கட்டை ஆனது. புதுச் சீட்டு வேண்டுமென்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும்; டாக்டரைப் பார்க்க பஸ் வேண்டும்; பஸ் ஓடவில்லை. "ஸ்டாக் வரலக்கா, வந்தா நானே போன் பண்றேன்" என்று கடைக்காரர் சொன்னால் அதற்கு மேல் என்ன கேட்பது?

இந்த மாத்திரைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. உடம்பிலிருந்து மிக மெதுவாக வெளியேறும். பாதி வெளியேறவே சுமார் 40 நாள் பிடிக்கும். அதனால் இரண்டு வாரம் கிடைக்காவிட்டால் மறுநாளே மூட்டு வீங்கிவிடாது. அதன் கெட்ட குணமும் இதுதான். நிறுத்திப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை, இதற்கா இத்தனை வருஷம் மாத்திரை தின்றோம் என்று தோன்ற வைத்துவிடும். வினை பிறகுதான் வரும். லூப்பஸ் அடங்கியிருந்த நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு இதை நிறுத்திப் பார்த்த கனடா ஆய்வு ஒன்று 1991-ல் வெளிவந்தது. தொடர்ந்து எடுத்தவர்களைவிட நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பக் கிளம்பும் ஆபத்து இரண்டரை மடங்கு அதிகம் என்று அதில் தெரிந்தது. முப்பது வருஷமாக டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம் இது. கொரோனாவைத் தடுக்கும் என்றோ குணப்படுத்தும் என்றோ அதே மாத்திரைக்கு அப்போது நல்ல ஆதாரம் கிடையாது. பிரிட்டனின் ரிகவரி ஆய்வு ஜூன் 5 அன்று, மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு இதனால் பலனில்லை என்று அறிவித்தது. அமெரிக்காவில் மார்ச் 28 அன்று கொடுத்த அவசர அனுமதி ஜூன் 15 அன்று ரத்தானது. யாருக்கு உண்மையிலேயே தேவையோ அவர்களிடமிருந்து பறித்து, தேவையில்லாதவர்கள் பீரோவில் வைத்துப் பூட்டியது என்றுதான் அந்த மூன்று மாதத்தைச் சொல்ல வேண்டும்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்த இரண்டு வருஷத்திலும் வாதநோயாளிகளைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாரும் அவர்கள் எடுக்கும் மாத்திரையைப் பார்த்துத்தான் பயந்தார்கள். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரையாயிற்றே, கொரோனா வந்தால் தாங்குமா என்று. பயம் இயல்பானது, பாதி சரியும்கூட. ஆனால் பெரிய ஆபத்து மாத்திரை நின்றுபோன இடத்தில் இருந்தது. இன்னும் குறிப்பாகச் சொன்னால், நின்றுபோன மாத்திரையின் இடத்துக்கு வேறு எது வந்து உட்கார்ந்தது என்பதில் இருந்தது.

முதலில் நோயைப் பார்த்துவிடலாம். முடக்குவாதம், நம் பக்கத்தில் சரவாங்கி என்பார்கள், வயசாவதால் வரும் மூட்டுத் தேய்மானம் இல்லை. கிருமியை அடிக்க வேண்டிய தற்காப்பு அணுக்கள் சொந்த மூட்டின் உள்சவ்வையே தாக்க, அது வீங்கித் தடித்து, பக்கத்துக் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கும். முப்பது, நாற்பது வயதிலேயே வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். இந்தியாவில் பெரியவர்களில் 0.75 சதவீதம் பேருக்கு இருக்கும் என்று 1993-ல் வெளியான ஒரு கிராமப்புறக் கணக்கெடுப்பு சொன்னது. கேட்க அற்பமாக இருக்கும். 2011 கணக்கெடுப்பில் கிட்டத்தட்ட 35 லட்சம் மக்கள் இருந்த சேலம் மாவட்டத்துக்கு அதே விகிதத்தைப் போட்டால் பல்லாயிரம் பேர் வருவார்கள். லூப்பஸ், முதுகெலும்பைக் கட்டிப்போடும் ஆங்கிலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ், சோரியாசிஸோடு வரும் மூட்டுவாதம், தோலை இறுக்கும் ஸ்க்ளீரோடெர்மா எல்லாம் இதே குடும்பம்தான்.

சேலத்தில் இந்த நோய் எங்கே வலிக்கும் என்பதற்கு ஊரின் தொழிலைப் பார்த்தால் போதும். சிவதாபுரம், பனங்காடு, செவ்வாய்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசு வேலை பல வீட்டுத் திண்ணையில் நடக்கிறது. மெல்லிய கம்பி வளையத்தைக் கிடுக்கியால் விரித்து, அடுத்த வளையத்தில் மாட்டி, திரும்ப மூட வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் அங்கே முதல். முடக்குவாதம் முதலில் பிடிப்பதும் அந்த விரல்களின் அடி மூட்டையும் மணிக்கட்டையும்தான். அம்மாபேட்டை தறிக்காரர்களுக்கு மணிக்கட்டோடு சேர்த்துக் கணுக்காலும் போகும். மிதி மிதிக்க வேண்டுமே. மேலே ஏற்காட்டில் நவம்பரிலிருந்து காப்பிப் பழம் பறிப்பு. கொத்தில் பழுத்ததை மட்டும் ஒவ்வொன்றாகத் திருகி எடுக்கிற வேலை.

எங்கள் தெருவில் கொலுசுக்கு வளையம் கோக்கும் ஒரு அக்கா இருக்கிறார். அவருடைய காலையைப் பார்த்தால் நோயின் கணக்கு புரியும். ஆறு மணிக்கு எழுந்தால் விரல் மடங்காது. குழாயைத் திருக முடியாமல் மணிக்கட்டின் ஓரத்தால் தட்டித் திறப்பார். காப்பி டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துப் பிடிப்பார். ஜாக்கெட் ஊக்கு மாட்ட மகள் வர வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் விரல் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். பத்து மணிக்குக் கிடுக்கியை எடுப்பார். காலை இறுக்கம் அரை மணிக்கு மேல், ஒரு மணிக்கு மேல் நீடிப்பது இந்த நோயின் முத்திரை. மருந்து ஒழுங்காகப் போனால் அந்த நேரம் சுருங்கும், நின்றால் நீளும். ரத்தப் பரிசோதனை இல்லாமலே அவர் தன் நோயை அளந்துவிடுவார்: "இன்னைக்குப் பத்தரை ஆயிருச்சு தம்பி."

இனி அந்தப் பயத்துக்கு வருவோம். முடக்குவாதத்துக்கு அடிப்படை மருந்து மெத்தோட்ரெக்ஸேட். வாரத்துக்கு ஒரே ஒரு நாள். பெரிய அளவில் புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்து, சிறிய அளவில் இந்தத் தப்பான தாக்குதலை அடக்குகிறது. அதோடு சல்ஃபாசலசின், லெஃப்லுனோமைட், வசதியிருந்தால் டோஃபாசிட்டினிப், ஊசியில் ரிட்டுக்ஸிமாப், அடாலிமுமாப் என்று போகும். எல்லாமே தற்காப்பு வேலையை ஏதோ ஒரு இடத்தில் தடுப்பவை. 2020 ஏப்ரலில் தமிழ்நாடே எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவதில் மும்முரமாக இருந்தது. அரசே கபசுரக் குடிநீர்ப் பொடியைக் கொடுத்தது; தெருமுனையில் தன்னார்வலர்கள் டம்ளர் டம்ளராக ஊற்றினார்கள்; மிளகு, இஞ்சி, மஞ்சள் என்று வீட்டுக்கு வீடு வைத்தியம். அந்த நேரத்தில் எதிர்ப்பு சக்தியைக் குறைக்க மாத்திரை சாப்பிடுகிறேன் என்று யாராவது சொன்னால் எப்படி இருக்கும்? சொந்தக்காரர்கள் விடுவார்களா? "முதல்ல அதை நிறுத்து, உசுரு முக்கியம்" என்று ஆளுக்கொரு பக்கம் சொல்ல, நிறுத்தினவர்கள் ஏராளம்.

டாக்டர்கள் அப்படிச் சொல்லவில்லை. 2020 ஏப்ரலிலேயே அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் சங்கமான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ருமட்டாலஜி வழிகாட்டல் வெளியிட்டது. தொற்று இல்லாதவர்கள் எடுக்கும் மருந்தை அப்படியே தொடரலாம். தொற்று உறுதியானால் மெத்தோட்ரெக்ஸேட், லெஃப்லுனோமைட், அடாலிமுமாப் மாதிரியான உயிரியல் ஊசிகள் போன்றவற்றைத் தற்காலிகமாக நிறுத்தலாம். ஸ்டீராய்டு எடுப்பவர்கள் அதைத் திடுதிப்பென்று நிறுத்தவே கூடாது. இந்தியாவிலும் வாதநோய் நிபுணர்கள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் இது நோயாளியின் காதுக்குப் போக வழி வேண்டுமே.

அந்த வழிதான் முதலில் அடைபட்டது. வாதநோய்க்கென்று தனியாகப் படித்த டாக்டர்கள் நம் ஊர்களில் எப்போதுமே விரல்விட்டு எண்ணும் அளவுதான். சேலத்தில் பார்ப்பார்கள், சரிப்படாவிட்டால் கோயம்புத்தூர், வேலூர், சென்னை. மார்ச் 24 மாலை 144 வந்தது. மறுநாள் நாடு முழுக்க ஊரடங்கு. ஏப்ரல் 26 முதல் 28 வரை சேலம் மாநகராட்சியில் முழு ஊரடங்கு, அந்த மூன்று நாள் மளிகைக் கடைகூட இல்லை. மாவட்டம் தாண்ட இ-பாஸ். பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனை கொரோனாச் சிகிச்சை மையமாக மாறியது. வருஷக்கணக்கில் வெளிநோயாளியாகப் போய்வந்த இடத்துக்கே போகப் பயம்.

மலையில் நிலைமை இன்னும் மோசம். ஏற்காட்டிலிருந்து சேலம் சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. டவுனில் இருப்பவருக்கு அதுவாவது உண்டு. நாகலூரோ செம்மநத்தமோ மாரமங்கலமோ என்றால் முதலில் ஏற்காட்டுக்கு வந்து சேர வேண்டும். பஸ் இருந்த காலத்திலேயே ஒரு நாள் கூலி போகும். சுற்றுலா நின்றது, கோடை விழா நடக்கவில்லை, லாட்ஜும் கடையும் மூடிக் கிடந்தன. கையில் காசில்லாதவர் வாடகைக் கார் பிடித்து டாக்டரைப் பார்க்கப் போவாரா?

போனில் வைத்தியம் பார்க்க அனுமதி வந்தது ஒரு நல்ல காரியம். மார்ச் 25 அன்றே மத்திய சுகாதார அமைச்சகம் தொலைமருத்துவ விதிகளை வெளியிட்டது. ஏப்ரலில் இ-சஞ்சீவனி வெளிநோயாளர் சேவை வந்தது. அதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடு ஒன்று. சர்க்கரைக்கும் பி.பி.க்கும் அது போதும். மூட்டுக்கு அவ்வளவு சுலபமில்லை. டாக்டர் ஒவ்வொரு மூட்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துத்தான் வீக்கத்தையும் வலியையும் கணக்கு வைப்பார். வீடியோவில் கையைக் காட்டினால் தெரியும் வீக்கம் எப்போதோ முற்றிப்போனது. மலையில் சிக்னல் கிடைக்கும் இடம் தேடி ரோட்டோரம் நின்று வீடியோவில் கை காட்டியவர்களும் உண்டு.

அப்புறம் ரத்தப் பரிசோதனை. மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பார்க்க வேண்டும். அதைத் தள்ளிப்போட்டவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். பயப்பட வேண்டிய தவறு வேறு: வாரம் ஒரு நாள் எடுக்க வேண்டியதைத் தினமும் எடுப்பது. போனில் கேட்டு எழுதிக்கொண்ட சீட்டு, புதுக் கடை, வேறு கம்பெனி மாத்திரை, பக்கத்திலேயே தினசரி எடுக்கும் ஃபோலிக் ஆசிட் வைட்டமின்... மாறிப்போக எல்லா வாய்ப்பும் உண்டு. தினமும் எடுத்தால் வாய் புண்ணாகி, ரத்த அணுக்கள் விழுந்து, உயிருக்கே ஆபத்தாகும். இதற்குக் கொரோனா தேவையில்லை, சாதாரண நாளிலும் நடக்கும். ஊரடங்கில் தட்டிக்கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

எல்லாம் அடைபட்ட இடத்தில் திறந்திருந்த ஒரே கதவு ஸ்டீராய்டு. சொல்லப்போனால் அது எப்போதும் திறந்தே இருக்கும் கதவு. பிரெட்னிசோலோன் மலிவு, எல்லாக் கடையிலும் கிடைக்கும், சீட்டும் பெரிதாகக் கேட்க மாட்டார்கள். மூட்டு வலி என்று போனால் வலி மாத்திரையோடு சின்னதாக ஒரு வெள்ளை மாத்திரையும் காகிதத்தில் மடித்துத் தருவது பல ஊர்க் கடைகளில் பழக்கம். அது செய்யும் வேலையும் அதிசயம்தான். 1948-49-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் படுத்த படுக்கையாக இருந்த முடக்குவாத நோயாளிகளுக்கு கார்ட்டிசோன் கொடுத்துப் பார்த்தபோது சில நாளில் எழுந்து நடந்தார்கள். பிலிப் ஹென்ச்சுக்கும் உடன் இருவருக்கும் 1950-ல் நோபல் பரிசு வந்தது. அதைத் தொடர்ந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பதும் அடுத்த சில வருஷத்தில் தெரிந்துவிட்டது. சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், முகம் உப்பும், தொற்று சுலபமாகப் பிடிக்கும்.

மெத்தோட்ரெக்ஸேட் வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரம். ஸ்டீராய்டு இரண்டே நாள். வேலைக்குப் போனால்தான் சாப்பாடு என்றால் யார் எதை எடுப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எதிர்ப்பு சக்தி குறைந்துவிடும் என்று பயந்து மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தியவர், வலி தாங்காமல் ஸ்டீராய்டுக்குப் போனார். அதற்கு வலி மாத்திரை என்றே பெயர் என்பதால் அவருக்குப் பயமும் இல்லை.

இது தப்பான மாற்று என்பதற்கு ஆதாரம் சீக்கிரமே வந்தது. 2020 மார்ச்சில் உலகெங்கும் உள்ள வாதநோய் மருத்துவர்கள் சேர்ந்து குளோபல் ருமட்டாலஜி அலையன்ஸ் என்ற பதிவேட்டைத் தொடங்கி, கொரோனா வந்த தங்கள் நோயாளிகளின் விவரத்தைச் சேர்த்தார்கள். முதல் 600 பேரின் கணக்கு அந்த மே மாதத்திலேயே வெளியானது. ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு எடுத்தவர்கள் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. அடாலிமுமாப் வகை ஊசி போட்டவர்களுக்கு அது குறைவாகவே இருந்தது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தனிப் பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை. ஏற்கெனவே அதில் இருந்தவர்களுக்கே இல்லை என்றால், ஊரெல்லாம் எதற்கு வாங்கிக் குவித்தது என்று கேட்கத் தோன்றுகிறது. அடுத்த வருஷம் வந்த பெரிய கணக்கு இன்னொன்றையும் சொன்னது. நோய் அடங்காமல் கொதித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, அடங்கியிருந்தவர்களைவிட மரண ஆபத்து அதிகம். எல்லா மருந்தும் சாது என்று சொல்லவில்லை; ரிட்டுக்ஸிமாப் எடுத்தவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்பது திரும்பத் திரும்ப உறுதியானது, டோஃபாசிட்டினிப் வகைக்கும் எச்சரிக்கை வந்தது. ஆனால் வயசு, சர்க்கரை, நுரையீரல் பாதிப்பு, அடங்காத நோய், ஸ்டீராய்டு இவைதான் கணக்கை முடிவு செய்தன.

கொரோனா வந்ததா, வாதமே கிளம்பியதா என்று பிரித்துச் சொல்வது இன்னொரு சிக்கல். லூப்பஸ் கிளம்பினால் காய்ச்சல் வரும், உடம்பு அடித்துப்போட்டது போல வலிக்கும், வெள்ளை அணுவில் லிம்ஃபோசைட் குறையும். கொரோனாவிலும் அதேதான். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., ஃபெரிட்டின் ஏறினால் கொரோனா முற்றுகிறது என்று ஆஸ்பத்திரியில் பரபரப்பார்கள். முடக்குவாதக்காரருக்கு நோய் கிளம்பினாலே சி.ஆர்.பி. ஏறித்தான் நிற்கும். முடக்குவாதம் பல வருஷம் ஆனால் சிலருக்கு நுரையீரல் தழும்பேறும். அவரை சி.டி. ஸ்கேனில் படுக்கவைத்தால் கண்ணாடிப் புகை போன்ற படலம் தெரியும், கொரோனா என்றே படிக்கத் தோன்றும். முடக்குவாதத்துக்கு டாசிலிசுமாப் என்ற ஊசி போட்டுக்கொண்டிருப்பவருக்கு நேர்மாறு. அது காய்ச்சலையும் சி.ஆர்.பி.யையும் அமுக்கிவிடுவதால் தொற்று முற்றினாலும் வெளியே தெரியாது. இப்படிப்பட்டவர்கள் தங்கள் பழைய ஸ்கேனையும் ரத்த ரிப்போர்ட்டையும் கையில் கொண்டுபோனால் பாதிக் குழப்பம் தீரும். நம்மில் எத்தனை பேர் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்பது வேறு கதை. மஞ்சப்பையில் சுருட்டி வைத்திருப்பவர்கள்கூடப் புண்ணியவான்கள்.

மலையில் இருக்கும் சிலருக்கு மட்டும் நேர்ந்த ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். லூப்பஸிலும் ஸ்க்ளீரோடெர்மாவிலும் பலருக்கு ரேனாட் என்ற தொல்லை உண்டு. குளிர் பட்டால் விரல் நுனியின் ரத்தக் குழாய் சுருங்கி, விரல் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவந்து எரியும். கடுமையானவர்களுக்கு விரல் நுனியில் புண்ணே வரும். ஏற்காட்டில் டிசம்பர் காலையில் தொட்டித் தண்ணீரில் கைவைப்பதற்கு நல்ல விரலே யோசிக்கும். "சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள்" என்ற அறிவிப்பு இவர்களுக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வந்த தண்டனை. வெந்நீர் வைத்துக்கொள்ளலாம், விறகு அடுப்பில் எத்தனை தடவை வைப்பது? போதாததற்குக் காய்ச்சல் முகாமில் அதே குளிர்ந்த விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினால் அது எண் காட்டத் திணறும், அல்லது உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். நல்லா நின்று பேசிக்கொண்டிருப்பவருக்கு 84 என்று வந்தால் பார்ப்பவருக்கும் பதறும். கையைத் தேய்த்துச் சூடுபடுத்திவிட்டு மாட்டினாலோ, காது மடலில் மாட்டும் கருவி இருந்தாலோ சரியான எண் வந்துவிடும்.

2020 ஜூன் 16 அன்று கதை திரும்பியது. அதே ரிகவரி ஆய்வு, டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய, மலிவான ஸ்டீராய்டு வென்டிலேட்டரில் இருப்பவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கும், ஆக்ஸிஜன் வைத்திருப்பவர்களின் மரணத்தை ஐந்தில் ஒரு பங்கும் குறைக்கிறது என்று அறிவித்தது. கொரோனா முற்றும்போது வைரஸைவிட, அதற்கு எதிராகக் கட்டுமீறிக் கிளம்பும் உடம்பின் அழற்சிதான் நுரையீரலைக் கெடுக்கிறது என்று புரிந்தது. அழற்சியை அடக்குவது வாதநோய்க்காரர்களின் அன்றாடம். 2021 பிப்ரவரியில் டாசிலிசுமாப், அப்புறம் பாரிசிட்டினிப் என்று அவர்களுடைய அலமாரியிலிருந்தே மருந்துகள் போயின. எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிறதே என்று யாரைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்களோ அவர்களுடைய மருந்துக்கு ஐ.சி.யு. வாசலில் கூட்டம். ரிகவரி அறிவிப்பிலேயே ஒரு முக்கியமான வரி இருந்தது: ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு டெக்ஸாமெத்தசோனால் பலன் இல்லை. அந்த வரியும் வாட்ஸ்அப்பில் வரவில்லை.

2021 ஏப்ரல், மே மாத இரண்டாம் அலையில் என்ன நடந்தது என்பது சேலத்துக்காரர்களுக்கு மறக்காது. படுக்கைக்கும் ஆக்ஸிஜனுக்கும் அலைந்தோம். மே 20 அன்று சேலம் இரும்பாலை வளாகத்தில் 500 ஆக்ஸிஜன் படுக்கையோடு சிகிச்சை மையத்தை முதல்வர் ஸ்டாலின் திறந்துவைத்தார். 400 மில்லிகிராம் டாசிலிசுமாப் குப்பி ஒன்று அப்போது 40 ஆயிரம் ரூபாய் அளவில் விற்றது. அந்த மாதங்களில் விலையைப் பற்றிப் பேச்சே இல்லை, எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. வாதத்துக்காக அதை மாதாமாதம் போட்டுவந்தவர்கள் பேசாமல் வரிசையை விட்டு விலக வேண்டியதாயிற்று. வீட்டில் லேசான காய்ச்சலோடு இருந்தவர்களும் முதல் நாளிலிருந்தே ஸ்டீராய்டு சாப்பிட்டார்கள். சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில் கறுப்புப் பூஞ்சை வந்தது. மே மாதத்திலேயே தமிழ்நாடு அதை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. ஸ்டீராய்டை எடை போட்டு, நாள் கணக்கு வைத்து, படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பதை வாதநோய் டாக்டர்கள் எழுபது வருஷமாகக் கற்றுவைத்திருந்தார்கள். அதை யாரும் அவர்களிடம் கேட்கவில்லை என்பது என் வருத்தம்.

தடுப்பூசி வந்தபோது பழைய பயம் புது வேஷத்தில் வந்தது. 2021 மார்ச் 1 முதல் 60 தாண்டியவர்களுக்கும், இணைநோய் உள்ள, 45 வயது முதலானவர்களுக்கும் போட்டார்கள். அந்த இணைநோய்ப் பட்டியலில் நெடுநாள் ஸ்டீராய்டும் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தும் எடுப்பவர்களும் இருந்தார்கள். இது தெரியாமலே, சான்றிதழ் வாங்காமலே ஏப்ரல் வரை காத்திருந்தவர்கள் உண்டு. முப்பது வயது லூப்பஸ் பெண்ணுக்கு அதுவும் இல்லை. மே வரை பொறுக்க வேண்டும். ஊசி போட்டால் வாதம் கிளம்பும் என்று ஒரு பேச்சு. ஐரோப்பிய வாதநோய்ப் பதிவேட்டில் ஐயாயிரம் பேருக்கு மேல் பார்த்தபோது 4.4 சதவீதம் பேருக்கு நோய் கிளம்பியது, கடுமையாகக் கிளம்பியது 0.6 சதவீதம்.

உண்மையான கேள்வி, ஊசி பிடிக்குமா என்பதுதான். ரிட்டுக்ஸிமாப் போட்டவருக்கு எதிர்ப்பொருள் செய்யும் பி அணுக்களே இருக்காது. ஆறு மாதம் கழித்துப் போட்டால்தான் ஓரளவு பிடிக்கும். மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவருக்குப் பிடிக்கும், ஆனால் குறைவாக. இதில் நமக்குப் பக்கத்திலிருந்தே நல்ல வேலை நடந்தது. நம் ஊரில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டை வைத்தே கொச்சியில் ஒரு ஆய்வு செய்தார்கள். ஊசிக்குப் பிறகு இரண்டு வாரம் மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தினால் எதிர்ப்பொருள் கூடுகிறது. இரண்டாவது தவணைக்குப் பின் மட்டும் நிறுத்தினாலும் போதும் என்று தெரிந்தது. பிரிட்டனில் பூஸ்டருக்குப் பின் இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்த ஆய்வில் எதிர்ப்பொருள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. நிறுத்திய சிலருக்கு அந்த இடைவெளியில் மூட்டு கிளம்பியதும் உண்மை. அதனால் இதை நோய் அடங்கியிருக்கும்போது, டாக்டரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

கொரோனா அவசரநிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று சொல்லிவிட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தால் சர்க்கரை, பி.பி. மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது, பிசியோதெரபியும் உண்டு. மலைக் கிராமத்துக்கு அது பெரிய விஷயம். வாதநோய்க்கு அப்படி ஒரு ஏற்பாடு இல்லை, செம்மநத்தத்துக்காரர் இன்றும் பஸ் பிடித்துக் கீழே இறங்கத்தான் வேண்டும். அடுத்து எது வந்தாலும் வராவிட்டாலும் சில விஷயங்களுக்கு அரசு தேவையில்லை. மாத்திரை தீரும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே அடுத்த பட்டை வீட்டில் இருக்கட்டும். மெத்தோட்ரெக்ஸேட் எந்தக் கிழமை என்பதைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள், வீட்டில் இன்னொருவருக்கும் தெரியட்டும். ஸ்டீராய்டு சில வாரத்துக்கு மேல் எடுப்பவர் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். மயங்கி விழுந்து யாரோ ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அந்தச் சீட்டு டாக்டருக்கு வேண்டும், ஏனென்றால் அந்த மருந்து திடீரென்று நின்றால் ரத்த அழுத்தம் படுத்துவிடும். ஃப்ளூ தடுப்பூசி வருஷம் ஒருமுறை, நிமோனியாத் தடுப்பூசி டாக்டர் சொல்லும் கணக்கில். ஃப்ளூ ஊசிக்குப் பின் மெத்தோட்ரெக்ஸேட்டை இரண்டு வாரம் தள்ளிப்போடுவது இப்போது வழிகாட்டலிலேயே வந்துவிட்டது, நிமோனியா ஊசிக்கு அது தேவையில்லை. உயிருள்ள கிருமியை வைத்துச் செய்யும் தடுப்பூசி எதையும், மஞ்சள் காய்ச்சல் ஊசி அதில் ஒன்று, கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது.